பேராக் எங்கிருந்து தொடங்குகிறது?

தைப்பிங் ஏரிப்பூங்காவில் காலை நடைக்கு வருபவர்கள் கிழக்கே ஒரு பார்வை பார்க்காமல் வீடு திரும்புவதில்லை. மலையில் மேகம் எந்த மட்டம்வரை இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் கொடியில் துணி போடலாமா வேண்டாமா என்று முடிவாகும். மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று பிந்தாங் மலைத்தொடரில் முட்டி, மேலேறி, குளிர்ந்து, ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்கு ஊர்மேல் கொட்டிவிட்டுப் போகிறது. தீபகற்ப மலேசியாவில் இவ்வளவு நனையும் ஊர் வேறில்லை. பிற்பகல் மழை எத்தனை மணிக்குப் பிடிக்கும் என்று இங்கே பந்தயம் கட்டிய காலம் உண்டு என்பார்கள்.

மழையைச் சொல்லும் இந்த மலைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊருக்குள் அது பலருக்குத் தெரியாது. 1884இல் ஆங்கிலேயர் மலைவாசத்தலமாக்கி, துணை ரெசிடெண்டாக இருந்த வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெலின் பெயரைச் சூட்டிய மேக்ஸ்வெல் ஹில்தான் 1979 முதல் புக்கிட் லாருட். எழுபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பங்களாக்கள் இருக்கும் இடத்துக்குப் போய், அதற்கும் மேலே காட்டுப்பாதையில் ஏறினால் 1,449 மீட்டர் உயரத்தில் குனோங் ஹிஜாவ் வரும். பேராக் மாநில நில அளவைக் கட்டத்தின் ஆதிப்புள்ளி அந்த உச்சிதான். ஈப்போவில் ஒரு கடைவீடு, சுங்கை சிப்புட்டில் ஒரு ரப்பர் தோட்டம், தெலுக் இந்தானில் ஒரு தென்னந்தோப்பு என எதை எடுத்தாலும், அதன் நிலப்பட்டாவில் உள்ள எண்கள் இந்தச் சிகரத்தை மையமாக வைத்துப் போட்ட கணக்கிலிருந்து வந்தவை. 4 பாகை 51 நிமிடம் 32.6 விநாடி வடக்கு. 100 பாகை 48 நிமிடம் 55.5 விநாடி கிழக்கு. மாநிலமே இந்த ஆணியில்தான் மாட்டியிருக்கிறது.

கையில் ஜிபிஎஸ்ஸுடன் மலையேறி, யாரோ ஒளித்து வைத்த பெட்டியைத் தேடும் ஜியோகேஷிங் விளையாட்டைப் பற்றிய அத்தியாயத்தில் நில அளவைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அந்த விளையாட்டில் பெட்டி சின்ன விஷயம். 'இங்கே' என்பதை நான்கைந்து எண்களில் எழுதி, முன்பின் தெரியாத ஒருவர் அந்த எண்களை மட்டும் நம்பிக் காட்டுக்குள் வந்து அதே மரத்தடியில் குனிய முடிகிறதே, அதுதான் பெரிய விஷயம். அந்த எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. எங்கோ ஒரு மலையில் யாரோ நட்ட கல்லிலிருந்து தொடங்கியவை.

முதலில் விளையாட்டு.

2000ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் ஓர் அறிவிப்பு செய்தார். ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 1983 செப்டம்பர் 1 அன்று வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரியப் பயணி விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்த பிறகு, பொதுமக்களும் இந்த வசதியைப் பயன்படுத்தலாம் என்று ரீகன் அரசு சொல்லியிருந்தது. ஆனால் கொடுத்த கையே கொஞ்சம் பிடித்தும் வைத்துக்கொண்டது. பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. அதனால் கருவி காட்டும் இடம் நூறு மீட்டர்வரை தள்ளிப்போகும். கப்பலுக்கு அது போதும், காட்டில் நடப்பவருக்குப் போதாது. கிளிண்டனின் அறிவிப்பு அந்தக் கலப்படத்தை நிறுத்தியது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு, தைப்பிங்கில் மே 2 நண்பகல். உலகிலிருந்த ஜிபிஎஸ் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பத்து மடங்கு கூர்மையாயின. கருவி வைத்திருந்தவர் ஒரு திருகைக்கூடத் திருப்பத் தேவையிருக்கவில்லை.

மறுநாள், மே 3, ஒரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்ற கணினித் துறைக்காரர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைக் காட்டோரமாக வைத்தார். உள்ளே சில புத்தகங்கள், கணினி மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், அவரை விதை டின் ஒன்று, கையெழுத்துப் போட ஒரு நோட்டு. இடத்தின் ஆய எண்களை இணையத்தில் எழுதிவிட்டு, 'ஏதாவது எடுத்துக்கொள், ஏதாவது வைத்துவிட்டுப் போ' என்ற விதியையும் சேர்த்தார். சில நாள்களிலேயே ஆள்கள் வந்து கண்டுபிடித்தார்கள். மைக் டீக் முதல் ஆள். அதே மே மாத இறுதியில் மேட் ஸ்டம் என்பவர் இதற்கு ஜியோகேஷிங் என்று பெயர் வைத்தார். செப்டம்பர் 2 அன்று ஜெரமி ஐரிஷ் இதற்கென்றே ஓர் இணையதளம் திறந்தபோது உலகில் மொத்தம் 75 பெட்டிகள் இருந்தன. இன்று மூன்று மில்லியனுக்கு மேல். அண்டார்டிகாவில் உண்டு. 2008இல் ரிச்சர்ட் காரியட் விண்வெளி நிலையத்திலேயே ஒன்றை வைத்துவிட்டு வந்தார். அந்த அவரை டின் இப்போது ஆட்டக்காரர்களிடையே ஒரு புனிதப் பொருள். அதை உள்ளே போட்டபோது அல்மர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஒளித்து வைத்துத் தேடும் பழக்கம் அதற்கு முன்பே உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டில் 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளத்தருகே ஒரு போத்தலை வைத்து, அங்கே வந்துசேர்ந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுவிட்டுப் போகச் செய்தார். போத்தலுக்குப் போகப் பாதை தெரிந்திருக்க வேண்டும், அல்லது பெரட்டுக்குக் கூலி கொடுக்க வேண்டும். அல்மரின் வாளிக்கு இரண்டும் தேவையில்லை.

ஏன் தேவையில்லை? சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் ஓயாமல் இரண்டு சேதிகளைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது: நான் இருப்பது இங்கே, இப்போது மணி இது. கையிலிருக்கும் கருவி அந்தச் சேதி வந்துசேர எவ்வளவு தாமதமானது என்று பார்த்து, ஒளியின் வேகத்தால் பெருக்கித் தூரமாக்குகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கண்டுபிடிக்க மூன்று கோள்கள் போதுமே என்று தோன்றும். கைபேசியின் கடிகாரம் நம்பத்தக்கதல்ல என்பதால், அதன் பிழையைப் பிடிக்க நான்காவது ஒன்று வேண்டும். ஒரு மைக்ரோவிநாடி தவறினால் 300 மீட்டர் தவறும். மேலே பறக்கும் அணுக்கடிகாரங்களோ, ஐன்ஸ்டைன் சொன்ன காரணங்களால், தரையிலுள்ளவற்றைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோவிநாடி வேகமாக ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் பிழை நாளொன்றுக்குப் பதினொரு கிலோமீட்டர் வீதம் சேரும். தைப்பிங்கில் தேட வேண்டிய பெட்டியை இரண்டாவது நாளே கடலோரச் சதுப்பு நிலத்தில் தேட வேண்டிவரும்.

ஆட்டக்காரர்கள் ஆய எண்களைப் பாகையும் நிமிடமுமாக எழுதி, நிமிடத்தை ஆயிரத்தில் ஒரு பங்குவரை கொண்டுபோவார்கள். அந்தக் கடைசி இலக்கம் தரையில் 1.85 மீட்டர். நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் தைப்பிங்கில் கிழக்கு-மேற்காகவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கட்டம் சதுரமாக இருக்கும். ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போனால் தீர்க்கரேகைகள் நெருங்கிவந்து, கிழக்கு-மேற்கில் ஓர் இலக்கம் 1.3 மீட்டராகச் சுருங்கிவிடும்.

ஆல்ப்ஸைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. மலையில் பெட்டி தேடுவது என்றாலே பனிச்சிகரமும் புல்வெளியுமாக ஒரு படம் மனத்தில் விரிகிறது. பெட்டி ஒவ்வொன்றுக்கும் தேடும் கடினம், நிலத்தின் கடினம் என ஒன்றிலிருந்து ஐந்துவரை இரண்டு மதிப்பெண்கள் உண்டு. அந்த உயரங்களில் நிலத்துக்கான மதிப்பெண் எளிதாக எகிறும். ஆனாலும் ஜிபிஎஸ்ஸுக்கு அங்கே ஒரு வசதி: மரங்களின் எல்லையைத் தாண்டிவிட்டால் தலைக்குமேல் வெட்டவெளி. பாறைச் சுவர் ஒரு பக்க வானத்தை மறைக்கலாம். மற்றபடி கருவிக்கும் கோளுக்கும் இடையில் தடையில்லை. அங்கே எதிரி பனி. ஆண்டில் பாதிக்கு மேல் பெட்டி வெள்ளையடியில் புதைந்து கிடக்கும்.

லாருட் மலையில் நிலைமை தலைகீழ். உயரம் ஆல்ப்ஸின் அடிவாரக் கிராமங்களுக்கு ஈடுதான். ஆனால் பாதை முழுக்கக் கூரை போட்டதுபோல மரங்கள் கவிந்திருக்கும். ஜிபிஎஸ் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். மேகமும் மழையும் அதை அதிகம் தடுப்பதில்லை, அதனால் 'மழை நேரத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாது' என்பது பாதிதான் உண்மை. மழைத்துளியைவிட மழை நனைத்த இலைதான் தொல்லை. ஈரப் பச்சை அடுக்கடுக்காக இருந்தால் ஏற்கனவே மெலிந்து வரும் அலை இன்னும் மெலியும். போதாக்குறைக்கு, அடிமரத்திலும் பாறையிலும் பட்டுத் தெறித்த அலை சுற்றுவழியில் வந்து சேரும். கருவிக்கு எது நேராக வந்தது, எது சுற்றி வந்தது என்று தெரியாது. கூடுதல் தூரத்தையும் உண்மையென்று நம்பி, நின்ற இடத்திலேயே பத்து இருபது மீட்டர் தாவிக்கொண்டிருக்கும். கைபேசித் திரையில் நீலப் புள்ளி பள்ளத்தாக்குக்குள் குதித்துத் திரும்ப ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

மரத்துக்கும் மேலே இன்னொரு தடை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாதது. சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற அயனிமண்டலம் ரேடியோ அலையைத் தாமதப்படுத்தும். பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அதன் குறும்பு அதிகம். அந்தக் கோடு தென்னிந்தியாவின் முனையைத் தொட்டு, தாய்லாந்தின் தென்பகுதியை ஒட்டி ஓடுகிறது. தைப்பிங்குக்குக் கொஞ்சம் வடக்கே. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் தன் ஆய்வுக்கூடத்தை அமைத்தது அந்தக் கோட்டுக்காகவே. பிற்பகலில் தாமதம் உச்சத்துக்குப் போகும். சூரியன் மறைந்த பிறகு அயனிமண்டலத்தில் குமிழிகள் எழும்பி, அலையைச் சில நேரம் துண்டுதுண்டாக்கும். சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் இது கூடும். இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் கருவி, இரண்டின் தாமதத்தையும் ஒப்பிட்டுப் பிழையைக் கழித்துவிடும். 2018க்குப் பிறகு அந்த வசதி சில கைபேசிகளிலும் வந்தது. புக்கிட் லாருட்டில் பெட்டி தேட நல்ல நேரம் காலைதான். மழைக்கு முன்பு இறங்க வேண்டும் என்பவர்களும் அதையேதான் சொல்வார்கள்.

பெட்டியின் பாடும் இங்கே லேசானதல்ல. நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடும், ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பாவைத்தான் பலரும் தேர்ந்தெடுப்பார்கள். பகல் வெயிலில் உள்காற்று சூடாகி விரியும். பிற்பகல் மழையில் சட்டென்று குளிர்ந்து சுருங்கும்போது, வளையத்தில் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் போதும், அந்த இடுக்கு வழியாக ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். தினம் ஒரு மடக்கு. இரண்டு மாதத்தில் நோட்டின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரத்தில் கறும்பூஞ்சை பிடிக்கும். பேனா மை பரவி, வந்தவர் பெயர் நீலக் கறையாகிவிடும். அதனால் அனுபவசாலிகள் பென்சில் வைப்பார்கள். மூடியின் உள்விளிம்பில் எறும்பு முட்டையிடும். குரங்குக்குக் கொக்கியை நெம்பத் தெரியும். உணவுப்பொருள் வைக்கக் கூடாது என்பது விளையாட்டின் விதி. இந்த மலையில் விதி இல்லாவிட்டாலும் ஒரு வாரத்தில் பாடம் கிடைத்துவிடும்.

அமெரிக்காவில் விரும்பப்படும் பழைய தோட்டா டின்னை இங்கே வைப்பது புத்திசாலித்தனமல்ல. துருவைவிடப் போலீஸ் சீக்கிரம் வரும்.

இனி அந்த உச்சிக்கு வருவோம். மலேசிய மலையேறிகள் சிகரங்களில் நிற்கும் அளவைக் குறிகளைப் பேச்சுவழக்கில் 'பெய்ரூட்' என்பார்கள். ஏறி வந்ததற்கு அத்தாட்சியாக அதைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்தால்தான் ஏறியதாகக் கணக்கு. அது முக்கோண அளவை நிலையம். செயற்கைக்கோள் இல்லாத காலத்தில், ஒரு நாட்டின் நிலத்தை அளக்க இருந்த நம்பகமான வழி, மலை உச்சிகளை முக்கோணங்களாக இணைப்பதுதான். ஒரு பக்கத்தை மட்டும் சங்கிலியால் அளந்துகொண்டால் போதும். மற்றதெல்லாம் கோணம். ஓர் உச்சியில் நின்று மற்ற உச்சிகளைத் தியோடலைட்டில் பார்த்துக் கோணங்களை எடுத்தால், மீதிப் பக்கங்களைக் கணக்கே சொல்லிவிடும். ஆனால் ஓர் உச்சியிலிருந்து மற்றது தெரிய வேண்டும். மலாயாவில் அதற்காக உச்சிகளில் காடு வெட்ட வேண்டியிருந்தது. மேகம் விலகும்வரை கூடாரத்தில் காத்திருக்கவும் வேண்டியிருந்தது. தைப்பிங்கின் மழையில் அந்தக் காத்திருப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். வானம் தெளிந்தால் புக்கிட் லாருட்டிலிருந்து வடக்கே பினாங்கும் தெற்கே பங்கோர் பக்கக் கடலோரமும் தெரியும். அளவைக்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மலாயாவின் முக்கோண வலையில் 77 புவிஅளவை நிலையங்கள், அவற்றுக்குக் கீழே 240, 837, 51 என்று படிப்படியாகச் சிறு நிலையங்கள். சில நிலையங்களின் வயது 1885வரை பின்னோக்கிப் போகிறது. அதே ஆண்டு ஜூன் 1 அன்றுதான் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு நாட்டின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதையைப் போட சிலோன் பயனியர் படையை வரவழைத்தார்கள். ரயில்வேக்கும் பொதுப்பணிக்கும் அளவைக்கும் எழுத்தர்களாகவும் தொழில்நுட்ப உதவியாளர்களாகவும் யாழ்ப்பாணத்திலிருந்து தமிழர்கள் பின்தொடர்ந்தார்கள். தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்குக் கிராணியும் சர்வேயரும் தமிழ் பேசிய துரைமார்தான்; இருவருக்கும் இடையில் நீரிணையைவிடப் பெரிய இடைவெளி இருந்தது என்பது வேறு கதை.

ஆனால் தமிழ்நாட்டுக்கும் இந்த மலைக்கும் அதைவிட ஆழமான ஓர் உறவு உண்டு. அது கணக்குக்குள் மறைந்திருக்கிறது.

1802 ஏப்ரல் 10ஆம் தேதி பிரிட்டிஷ் அளவையாளர் வில்லியம் லாம்டன், சென்னை பரங்கிமலை அடிவாரத்திலிருந்து நேர்கோட்டில் நூறடிச் சங்கிலியை விரிக்கத் தொடங்கினார். அந்தச் சங்கிலி முதலில் சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போனது. அவர் வேண்டாமென்றதால் இந்தியா வந்து சேர்ந்தது. ஏழரை மைல் நீளத்துக்கு, வெயிலில் சங்கிலி நீள்வதைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய நானூறு முறை விரித்து 57 நாள்களில் முடித்தார். அங்கிருந்து முக்கோணங்கள் கிளம்பின. சமவெளியில் மலை கிடைக்காதபோது கோபுரங்கள் மலையாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் மனம் தளரவில்லை, வாரக்கணக்கில் உட்கார்ந்து அந்தப் பித்தளை வட்டத்தைத் தானே நிமிர்த்தினார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் வேலையைத் தொடர்ந்து, அந்த அளவுகளிலிருந்து பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டு 1830இல் வெளியிட்டார். பூமி முழு உருண்டையல்ல, துருவங்களில் தட்டையானது. எவ்வளவு தட்டை, நடுவில் எவ்வளவு பருமன் என்பதற்கு அவர் தந்த எண்களே எவரெஸ்ட் நீள்கோளம்.

மலாயாவின் வரைபடங்கள் அந்த நீள்கோளத்தின் சற்றே திருத்திய வடிவத்தின்மேல் வரையப்பட்டவை. பகாங்கிலுள்ள கெர்தாவ் என்ற நிலையத்தில் அதைப் பொருத்தி, அங்கிருந்து நாடு முழுவதும் கணக்கை விரித்தார்கள். தமிழ் மண்ணில் தொடங்கிய அளவைதான் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மலாயாவின் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் பூமியின் வடிவமாக இருந்தது. சஞ்சிக்கூலிகளாகக் கப்பலேறியவர்களுக்கு முன்னாலோ பின்னாலோ எவரெஸ்டின் எண்களும் கப்பலேறின.

இதனால் பெட்டி தேடுபவருக்கு என்ன? நிறைய. மலாயாவின் எவரெஸ்ட் நீள்கோளத்தில் நிலநடுக்கோட்டு ஆரம் 6,377,304 மீட்டர். ஜிபிஎஸ் பயன்படுத்தும் நீள்கோளத்தில் 6,378,137 மீட்டர். வித்தியாசம் 833 மீட்டர். எவரெஸ்ட் தவறு செய்துவிட்டார் என்று சொல்வது அநியாயம். அவர் இந்தியத் துணைக்கண்டத்துக்குப் பொருந்தும் வளைவைத் தேடினார், ஜிபிஎஸ் பூமி முழுவதற்கும் பொருந்துவதைத் தேடுகிறது. ஆனால் இரண்டு நீள்கோளங்களின் மையமும் ஒரே இடத்தில் இல்லை. ஆகவே ஒரே பாறைக்குக் கெர்தாவ் கணக்கில் ஒரு தீர்க்கரேகை, ஜிபிஎஸ் கணக்கில் வேறொன்று. பேராக் பகுதியில் இந்த இடைவெளி ஏறக்குறைய 150 மீட்டர். பழைய வரைபடத்திலிருந்து எண்களைப் படித்து, அப்படியே கைபேசியில் தட்டினால் அது உண்மையான இடத்துக்கு 150 மீட்டர் கிழக்கே கொண்டுபோய் நிறுத்தும். சமவெளியில் அது பக்கத்துத் தெரு. குனோங் ஹிஜாவ் முகட்டுப் பாதையில் அது செங்குத்துச் சரிவு. எண்ணோடு அது எந்த டேட்டத்தில், அதாவது எந்த நீள்கோளத்தை எங்கே பொருத்திய கணக்கில், எழுதப்பட்டது என்பதையும் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பாதி அர்த்தம்தான்.

நாட்டுக்குள்ளேயே சிக்கல் இருந்தது. மாநிலத்துக்கு மாநிலம் ஆதிப்புள்ளி வேறு. பினாங்குக்கு கார்ன்வாலிஸ் கோட்டை, சிலாங்கூருக்கு புக்கிட் ஆசா, கிளந்தானுக்கு புக்கிட் பானாவ், கெடாவுக்கும் பெர்லிசுக்கும் குனோங் பேராக். குனோங் பேராக் இருப்பது பேராக்கில் அல்ல, கெடாவில். இதில் குழம்பாதவர் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் மலையிலிருந்து அளந்துகொண்டு வந்து எல்லையில் சந்திக்கும்போது கோடுகள் சரியாகப் பொருந்துவதில்லை. நாடு முழுவதற்குமான வரைபடத்துக்கு வேறு வழி கண்டவர் மார்ட்டின் ஹோட்டின். தீபகற்பம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடப்பதால், வரைபடத்தின் அச்சையும் அப்படியே சாய்த்துவிட்டார். பிரிட்டனின் மலைகளில் 1936 முதல் நடப்பட்ட ஆறாயிரத்துச் சொச்சம் கான்கிரீட் தூண்களை வடிவமைத்தவரும் அவரே. இன்று அங்கே அந்தத் தூண்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போய்த் தொட்டுவிட்டு வருவது தனி விளையாட்டு. பெட்டி இல்லை, நோட்டு இல்லை, தூண் மட்டும்.

அளவைக் கல் பொழுதுபோக்காவது அண்மைக் காலப் பழக்கம். தோட்டத்து மக்களுக்கு அது வேறு பொருள். எஸ்டேட் கைமாறி, துண்டாடப்பட்டு, வீட்டுமனையாகும்போது, மூன்று தலைமுறை கும்பிட்ட கோயில் யார் நிலத்தில் நிற்கிறது என்று தீர்ப்பது பூமிக்குள் புதைந்த அந்த எல்லைக்கல்தான். தமிழ்ப்பள்ளிக் கட்டடங்களுக்கும் இதே நிலை நேர்ந்திருக்கிறது. கோயில் எங்கே இருக்கிறது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. பட்டாவின் எண்களுக்குத்தான் அது தெரியாமல் போயிருக்கும். ஜியோகேஷிங் ஆடுபவர்கள் தோட்டத்துச் சிறு கோயில்களின் மரத்தடியை விட்டுவிடுவது நல்லது. முனியாண்டி மரத்து வேரிடுக்கில் இருக்கும் தகர டப்பாவுக்கு மறுவாரமே ஊதுபத்தி ஏற்றப்பட்டிருந்தால் யாரைக் குறை சொல்வது?

2003இல் மலேசிய நில அளவை, வரைபடத் துறை பழைய கணக்கைக் கைவிட்டு, செயற்கைக்கோள் அளவையில் நிற்கும் ஜிடிஎம் 2000 என்ற புதிய டேட்டத்துக்கு மாறியது. மாநிலக் கட்டங்களும் அதற்கு மாற்றி எழுதப்பட்டன. குனோங் ஹிஜாவ் வேலை இழக்கவில்லை. புதிய பேராக் கட்டத்தின் ஆதிப்புள்ளியும் அதுவே. எண்கள் மட்டும் ஜிபிஎஸ் மொழியில்.

மாறிய கையோடு பூமியே நகர்ந்தது. 2000 ஜனவரி 1 அன்று இருந்த நிலையில் நாட்டை உறையவைத்து எழுதப்பட்ட அந்த எண்கள், 2004 டிசம்பர் 26 காலையில் பழையனவாயின. சுமத்ரா நிலநடுக்கம் சுனாமியோடு நிற்கவில்லை, தீபகற்பத்தையே மேற்கு நோக்கி இழுத்தது. லங்காவியிலிருந்த ஜிபிஎஸ் நிலையம் 17 சென்டிமீட்டர் நகர்ந்தது. தெற்கே போகப்போக இழுப்பு குறைந்தாலும் கோலாலம்பூர்கூடச் சில சென்டிமீட்டர் தள்ளிப்போனது. 2005இலும் 2007இலும் சுமத்ரா மறுபடி குலுங்கியது. 2009இல் எண்களைத் திருத்த வேண்டியதாயிற்று. கைபேசியில் சில மீட்டர் பிழையோடு பெட்டி தேடுபவருக்கு இது உறைக்காது. எல்லைக்கல்லை சென்டிமீட்டரில் அளக்கும் சர்வேயருக்குத் தூக்கம் போகும்.

மலையில் பெட்டி வைக்க நினைப்பவருக்கு விளையாட்டின் விதிகள் இவை: பெட்டியைப் புதைக்கக் கூடாது, இன்னொரு பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், நிலத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி வேண்டும். குனோங் ஹிஜாவைச் சூழ்ந்திருப்பது வனக் காப்பகம், ஆகவே முதலில் போக வேண்டியது வன இலாகா அலுவலகத்துக்கு. மண்சரிவால் மலைச்சாலை அடிக்கடி மூடப்படுவதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெட்டி வைக்காமலும் உச்சியில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அளவைக் குறியின் பக்கத்தில் கைபேசியை வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆய எண்களை எழுதிக்கொள்ள வேண்டும், பத்துத் தடவையாவது. அவற்றைத் துறை வெளியிட்ட எண்களோடு ஒப்பிட்டுக் கட்டத்தாளில் புள்ளி வைத்தால், பிழை எங்கிருந்து வந்தது என்பதைப் புள்ளிகளின் கிடப்பே காட்டும். குறியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பத்து மீட்டருக்குள் சிதறிக் கிடந்தால் மரமும் பாறையும் காரணம். நாற்பத்தைந்து நிமிடத்தில் மெல்ல ஒரே திசையில் ஊர்ந்திருந்தால் அயனிமண்டலத்தையும் கோள்களின் இடமாற்றத்தையும் சந்தேகிக்கலாம். பத்துப் புள்ளிகளும் நெருக்கமாகச் சேர்ந்து, ஆனால் மொத்தமாக 150 மீட்டர் தள்ளி விழுந்திருந்தால் கருவியில் கோளாறில்லை. ஒப்பிட எடுத்த எண்கள் கெர்தாவ் காலத்தவை.